பீட்டில்ஸ் பிரிந்த தெருக்கள்: லண்டனில் ஆறு நாள்

முதல் நாள்: பெல்கிரேவியா, பேக்கர் ஸ்ட்ரீட்

இந்தப் பயணத்தை இடவரிசையில் போடாமல் காலவரிசையில் போட்டிருக்கிறோம். பக்கத்துப் பக்கத்து இடங்களாகச் சேர்த்துப் பார்த்தால் மூன்று நாளில் முடித்துவிடலாம். ஆனால் எதற்குப் பின் எது நடந்தது என்பது குழம்பிப்போகும். பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு பிரிந்த கதையில் அந்த வரிசைதான் விஷயமே.

போக்குவரத்துக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் வங்கி அட்டையையே டியூப் என்ற சுரங்க ரயிலிலும் பேருந்திலும் தட்டிப் போகலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு தானாகவே வந்து நிற்கும். ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். ஏறும்போது போனிலும் இறங்கும்போது அட்டையிலும் தட்டிவிட்டால் இரண்டையும் முடியாத பயணமாகக் கணக்கிட்டு அதிகக் கட்டணம் பிடித்துவிடும். எதில் தட்டி ஏறினீர்களோ அதிலேயே தட்டி இறங்குங்கள்.

ஹைட் பார்க் கார்னர் நிலையத்திலிருந்து சேப்பல் ஸ்ட்ரீட் நடை தூரம்தான். அங்கே வரிசை வீடுகளில் 24ஆம் எண், பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் வாழ்ந்த வீடு. 1967 ஆகஸ்ட் 27 அன்று, 32 வயதில், தூக்க மருந்து அளவு மீறியதால் இங்கேதான் இறந்தார். விசாரணையில் அது விபத்து என்றே முடிவானது. அன்று குழுவின் நால்வரும் (ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) வேல்ஸில் பாங்கர் என்ற ஊரில் மகரிஷி மகேஷ் யோகியின் தியான முகாமில் இருந்தார்கள். இது மக்கள் குடியிருக்கும் தெரு. வாசலில் கூடி நிற்காமல் எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தபடியே பார்த்துவிட்டுப் போவதே மரியாதை.

எப்ஸ்டைன் போனதால் ஒரு நண்பர் போனார் என்பதோடு முடியவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ.யுடன் ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார். அதன்படி ராயல்டி பணம் நேராக நால்வர் கைக்கு வராது. எப்ஸ்டைனின் நெம்ஸ் நிறுவனத்துக்குப் போய், அங்கே 25 சதவீதம் கழிந்த பிறகே வரும். ஆள் இறந்தாலும் அந்தக் கழிவு நிற்காது. ஏப்ரலில் இன்னொரு பத்திரமும் கையெழுத்தாகியிருந்தது: ‘பீட்டில்ஸ் அண்டு கோ’ என்ற கூட்டாண்மை, பத்தாண்டுக்கு. நால்வருக்கும் தலா 5 சதவீதம், மீதி 80 நிறுவனத்துக்கு. ஒருவர் தனியாகப் பாட்டுப் பதிந்து சம்பாதித்தாலும் அது பொதுப்பெட்டியில்தான் விழ வேண்டும். இந்த இரண்டு தாள்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் நீதிமன்ற வாசலில் நிற்கும்போது தேவைப்படும்.

பேக்கர் ஸ்ட்ரீட்டும் பேடிங்டன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் 94ஆம் எண். பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் சில நிமிடம். 1967 டிசம்பர் 7 அன்று ‘ஆப்பிள் பூட்டிக்’ என்ற துணிக்கடையை இங்கே திறந்தார்கள். லாபத்தை வரியாகக் கட்டுவதைவிடத் தொழிலில் போடுவது மேல் என்று கணக்காளர்கள் சொன்ன யோசனையின் முதல் விளைவு இது. ‘தி ஃபூல்’ என்ற வடிவமைப்புக் குழு சுவர் முழுக்க வண்ண ஓவியம் தீட்டியது. அனுமதி வாங்காமல் தீட்டியதால் நகராட்சி உத்தரவின்பேரில் அதை வெள்ளையடித்து மறைக்க வேண்டியதாயிற்று. துணி விலையுயர்ந்தது, லேபிள்கூடப் பட்டில்தான் வேண்டும் என்றது அந்தக் குழு. எது திருடு போகிறது, எது விற்கிறது என்று கணக்குப் பார்க்க ஆளில்லை. எட்டு மாதம்கூட ஓடவில்லை. 1968 ஜூலை 30 அன்று இருந்த சரக்கையெல்லாம் வந்தவர்களுக்கு இலவசமாக அள்ளிக் கொடுத்துவிட்டுக் கதவை மூடினார்கள். இப்போது அந்த முனையில் நிற்பது பழைய கட்டடம் அல்ல, இடித்துக் கட்டியது. சுவரில் பழைய ஓவியத்தின் தடயத்தைத் தேட வேண்டாம்.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில் மாண்டேகு ஸ்கொயர் 34. ரிங்கோ வாடகைக்கு எடுத்த வீடு. 1968இல் ஜானும் அவர் காதலி யோகோ ஓனோவும் குடியிருந்தார்கள். அக்டோபர் 18 அன்று போதைப்பொருள் தேடிப் போலீஸ் சோதனை நடந்தது இங்கேதான். நீல வட்டப் பலகை இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாம் நாள்: சோஹோ

இன்று ஒரே ஒரு சந்து. வார்டர் ஸ்ட்ரீட்டுக்கும் டீன் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே செயின்ட் ஆன்ஸ் கோர்ட். அதில் 17ஆம் எண்ணில் இருந்தது ட்ரைடென்ட் ஸ்டுடியோ. டாட்டனம் கோர்ட் ரோடு நிலையத்தில் இறங்குவது வசதி. வண்டி போகாத குறுகிய சந்து, மதிய உணவு நேரத்தில் நெரிசல் அதிகம். காலையில் போய்விடுங்கள்.

1968 கோடையில், அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் நான்கு ட்ராக் (நாடாவில் தனித்தனியாக ஒலி பதியும் தடம்) இயந்திரங்கள்தான் புழக்கத்தில் இருந்தன. ட்ரைடென்டில் எட்டு ட்ராக் ஆம்பெக்ஸ் இயந்திரம் இருந்தது. நான்கு ட்ராக்கில் வேலை நடக்கும் விதம் இது: டிரம்ஸ், பேஸ், கிதார், பியானோ என்று நான்கும் நிரம்பியதும், அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவின் ஒன்றிரண்டு ட்ராக்கில் ஒடுக்குவார்கள். காலியான இடத்தில் பாட்டும் மற்ற வாத்தியங்களும் ஏறும். ஒவ்வொரு ஒடுக்கலுக்கும் நாடாவின் இரைச்சல் கூடும், உச்ச ஸ்தாயியின் பளபளப்பு குறையும். அதைவிட முக்கியம், ஒடுக்கிய பிறகு டிரம்ஸை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. அதனால் முதல் நான்கு ட்ராக்கும் சரியாக விழும்வரை நால்வரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசித்தாக வேண்டும். எட்டு ட்ராக் வந்ததும் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. ஒருவர் தனியாக வந்து தன் பங்கைப் போட்டுவிட்டுப் போகலாம். எங்கள் கணிப்பில், குழு தளர்ந்ததில் இந்த இயந்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சண்டையை அது மூட்டவில்லை. சண்டை இருந்தாலும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்ற நெருக்கடியை எடுத்துவிட்டது.

‘ஹே ஜூட்’ பாட்டு ஜூலை 31 அன்று இங்கே பதிவானது. மறுநாள் 36 பேர் கொண்ட வாத்தியக் குழு சேர்ந்தது. ட்ரைடென்டில் கேட்டபோது பிரமாதம். அதையே இ.எம்.ஐ.யில் போட்டுக் கேட்டால் திரை போட்டு மூடியதுபோல மங்கல். ஒரு ஸ்டுடியோவின் ஸ்பீக்கரும் நாடா இயந்திரமும் சரிக்கட்டப்பட்ட விதம் இன்னொன்றோடு ஒத்துப்போகாவிட்டால் இதுதான் நடக்கும். ஒலிப்பொறியாளர் கென் ஸ்காட்டும் மற்றவர்களும் உட்கார்ந்து உச்ச ஸ்தாயியைத் தூக்கிச் சரிசெய்த பிறகே பாட்டு வெளியே போனது.

இ.எம்.ஐ.யிடமும் ஒரு 3எம் எட்டு ட்ராக் இயந்திரம் வந்து சேர்ந்திருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் குரலை இரட்டிக்கவும் தோதாக மாற்றியமைத்த பிறகே வெளியே விடுவோம் என்று தொழில்நுட்பப் பிரிவு அதை உள்ளேயே வைத்திருந்தது. செப்டம்பர் 3 அன்று அதைக் கேட்டு வாங்கி ஸ்டுடியோவுக்குள் உருட்டி வந்தார்கள்.

ஆனால் அதற்குள் குழு ஒருமுறை உடைந்திருந்தது. ஜூலை 16 அன்று பொறியாளர் ஜெஃப் எமரிக் அந்தச் சூழலைத் தாங்க முடியாமல் வேலையை விட்டுப் போனார். ஆகஸ்ட் 22 அன்று ரிங்கோ போனார். அன்று பதிவான ‘பேக் இன் த யு.எஸ்.எஸ்.ஆர்’ பாட்டில் டிரம்ஸ் வாசித்தது பால். அடுத்த வாரம் இதே சந்தில் ‘டியர் புரூடன்ஸ்’ பதிவானபோதும் ரிங்கோ இல்லை. இரண்டு பாட்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். டிரம்ஸ் தாளம் தவறவில்லை. ஆனால் ரிங்கோ ஒரு தட்டை இம்மி தாமதித்துப் போட்டு அடுத்த வரிக்கு இடம் விடுவாரே, அந்த மூச்சு இல்லை. செப்டம்பர் முதல் வாரம் அவர் திரும்பி வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ வைத்து அலங்கரித்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் ஜார்ஜ்.

மூன்றாம் நாள்: செயின்ட் மார்கரெட்ஸ், பார்ன்ஸ்

வாட்டர்லூ நிலையத்திலிருந்து தென்மேற்கே போகும் ரயிலில் செயின்ட் மார்கரெட்ஸ் நிலையம். நான்காம் மண்டலம்; எல்லா வண்டியும் நிற்காது, பலகையில் நிறுத்தங்களைப் படித்துவிட்டு ஏறுங்கள். இறங்கியதும் பக்கத்திலேயே ட்விக்கன்ஹாம் ஃபிலிம் ஸ்டுடியோ. பெயரை நம்பி அடுத்த நிறுத்தமான ட்விக்கன்ஹாமில் இறங்கிவிட்டால் திரும்பி நடக்க வேண்டிவரும். உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் இடம்தான்.

1969 ஜனவரி 2 காலை இங்கே வந்தார்கள். புதுப் பாட்டுகளை ஒத்திகை பார்த்து, பொதுமேடையில் பாடி, அதைப் படமாக்குவது திட்டம். இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக். பிழை எங்கே என்று வந்து பார்த்தால் புரியும்: இது சினிமா எடுக்கும் கொட்டகை, பாட்டுப் பதியும் அறை அல்ல. மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டி வேலை செய்து பழகியவர்களைப் படக்குழுவின் நேரத்துக்குக் காலையில் கொண்டுவந்து, குளிர்ந்த பெரிய மேடையில் உட்காரவைத்தார்கள். பல ட்ராக் இயந்திரம் எதுவும் இல்லை. கேமராக்களோடு ஓடும் இரண்டு நாக்ரா இயந்திரங்களில் மட்டும் ஒலி பதிவானது. சேர்ந்து வாசித்ததை நல்ல ஒலியில் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்வதே அவர்கள் வேலை செய்த முறை. இங்கே அந்த வழி அடைபட்டது. அதற்குப் பதில் ஒவ்வொரு பேச்சையும் கேமரா பிடித்தது. தனியாகப் பேச வேண்டுமென்றால் கிதார் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு பேசினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்த மோனோ நாடாவிலிருந்து கிதாரையும் பேச்சையும் கணினியால் பிரித்தெடுத்த பிறகுதான் அவர்கள் பேசியது வெளியே கேட்டது. 2021இல் வந்த ஆவணத் தொடர் அதனால்தான் சாத்தியமானது.

ஜனவரி 10 மதியம் ஜார்ஜ் எழுந்து போய்விட்டார். பால் அதட்டியதால் போனார் என்று சொல்வார்கள். அந்த வாக்குவாதம் சில நாள் முந்தையது. பல ஆண்டுகளாகத் தன் பாட்டுகளுக்கு வரிசையில் கடைசி இடம் கிடைத்ததும், ஜானிடமிருந்து பதிலே வராததும் சேர்ந்துதான் அவரைத் தள்ளின. திரும்பி வர அவர் வைத்த நிபந்தனைகள் மிகவும் நியாயமானவை: வெளிநாட்டுப் பொதுமேடைத் திட்டத்தை விட வேண்டும், இந்தக் கொட்டகையை விட்டு சாவில் ரோவில் உள்ள நம் சொந்தக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போக வேண்டும். ஒப்புக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் அதே தடத்தில் பார்ன்ஸ் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சர்ச் ரோட்டில் உள்ள பழைய ஒலிம்பிக் ஸ்டுடியோவுக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். திரையரங்காக மாறிய கட்டடம் என்பதால், இந்த ஆறு நாளில் உள்ளே போய் உட்கார வாய்ப்புள்ள ஸ்டுடியோ இது ஒன்றுதான். காலவரிசையில் நாளைய இடத்துக்குப் பின் வர வேண்டியது. ஆனால் ரயில் தடத்தை வீணாக்க மனமில்லை.

1969 மே 9, வெள்ளிக்கிழமை இரவு. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் நியூயார்க்கின் ஆலன் கிளைனை மேலாளராக ஏற்று முந்தைய நாளே கையெழுத்திட்டிருந்தார்கள். கிளைன் கேட்டது 20 சதவீதம். பால் தன் மனைவி லிண்டாவின் தந்தையும் அண்ணனுமான ஈஸ்ட்மன் வழக்கறிஞர்களை விரும்பினார். மற்ற மூவருக்கு அது மாமனார் வீட்டு ஆட்சியாகப் பட்டது. அந்தப் பயத்தில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. இப்போதே கையெழுத்துப் போடு என்று மூவரும் நின்றார்கள். வாரக்கடைசி ஆயிற்றே, என்ன அவசரம், 15 சதவீதம் பேசலாம் என்றார் பால். மூவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். பால் அங்கேயே தங்கி, பக்கத்தில் பதிவு செய்துகொண்டிருந்த ஸ்டீவ் மில்லரின் ‘மை டார்க் அவர்’ பாட்டுக்கு டிரம்ஸை ஓங்கி அடித்தார்.

அந்த வசந்த காலத்தில் இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தது. நெம்ஸ் நிறுவனம் ஒரு முதலீட்டுக் குழுமத்துக்குக் கைமாறியது. ஜான்-பால் பாட்டுகளின் உரிமை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தன் பங்குகளை மார்ச்சில் ஏ.டி.வி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஜானிடமும் பாலிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எதிர்த்து நிற்கக் கூடியபோது, பால் தனக்கென்று கூடுதல் பங்குகள் வாங்கிவைத்திருந்தது ஜானுக்குத் தெரியவந்தது. இருவரும் கூட்டாகப் பாட்டெழுதிச் சேர்த்த சொத்தில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பங்கு சேர்த்ததை ஜான் மறக்கவில்லை.

நான்காம் நாள்: சாவில் ரோ 3

ஆக்ஸ்போர்டு சர்க்கஸிலோ பிக்கடில்லி சர்க்கஸிலோ இறங்கி ரீஜன்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து மேற்கே திரும்பினால் தையற்கடைகள் நிறைந்த சாவில் ரோ. தெற்குக் கோடியில் 3ஆம் எண். 1968இல் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் 5,00,000 பவுண்டு கொடுத்து வாங்கிய கட்டடம். வாசலருகே நினைவுப் பலகை உண்டு.

முதலில் அடித்தளத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கூரையில் நடந்த கச்சேரியை மட்டுமே நினைத்துவிட்டுப் போகிறார்கள். ‘மேஜிக் அலெக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அலெக்ஸிஸ் மார்டாஸ் இங்கே உலகில் எங்கும் இல்லாத ஸ்டுடியோ கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஜனவரி 20 அன்று வந்து பார்த்தபோது ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பதிய முடியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும் பாடும் அறைக்கும் நடுச்சுவரில் கம்பி போக ஓட்டையே இல்லை. கட்டடத்தின் வெப்பமூட்டும் இயந்திரம் உறுமுவது மைக்கில் விழுந்தது. குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இ.எம்.ஐ.யில் சொல்லி இரண்டு ஒலிக்கலவை கன்சோல்களை இரவல் வாங்கினார். எட்டு ட்ராக் 3எம் இயந்திரம் வந்தது. கம்பிகளைக் கதவு வழியாக இழுத்தார்கள். பதியும் நேரத்தில் வெப்பமூட்டியை நிறுத்தினார்கள். 21ஆம் தேதி வேலை தொடங்கியது. 22ஆம் தேதி பில்லி பிரஸ்டன் வந்து மின்பியானோவில் உட்கார்ந்தார். வெளியாள் ஒருவர் இருக்கும் வீட்டில் சண்டை போடத் தயங்குவார்களே, அதுபோல அறையின் தொனியே மாறியது.

கூரைக்கு வருவோம். 1969 ஜனவரி 30, வியாழன், மதியம். முந்தைய நாளே செய்திருக்க வேண்டியது, வானிலையால் தள்ளிப்போனது. கூரைமேல் மரப்பலகை பரப்பி மேடையாக்கினார்கள். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்கள், பாடுவதற்கு வாக்ஸ் ஸ்பீக்கர்கள். ஜானிடம் வண்ணம் சுரண்டிய எபிஃபோன் கசினோ, ஜார்ஜிடம் ரோஸ்வுட் டெலிகாஸ்டர், பாலிடம் ஹாஃப்னர் பேஸ், ரிங்கோவுக்கு லுட்விக் டிரம்ஸ். மைக் கம்பிகள் படிக்கட்டு வழியாக அடித்தளம்வரை இறங்கி எட்டு ட்ராக் இயந்திரத்தில் சேர்ந்தன. காற்று மைக்கில் மோதி உறுமியது. உதவிப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸை அனுப்பிப் பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை வாங்கிவரச் சொல்லி, மைக் தலையில் மாட்டினார்கள். வெளிப்புறப் பதிவு செய்பவர்கள் இன்றைக்கும் செய்யக்கூடிய வேலை இது. மெல்லிய வலை காற்றை உடைக்கும், குரலைத் தடுக்காது.

குளிரில் கிதார் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். விரல் மரத்துப்போனால் கம்பியை அழுத்தும் அளவு கைக்குத் தெரியாது. கம்பியும் சுருங்கிச் சுருதி ஏறும். ஜான் யோகோவின் உரோமக் கோட்டையும் ரிங்கோ தன் மனைவியின் சிவப்புக் கோட்டையும் போட்டிருந்தார்கள். ‘டிக் எ போனி’ வரிகள் நினைவில்லாததால் உதவியாளர் ஒருவர் ஜான் முன் மண்டியிட்டு எழுதிய தாளைப் பிடித்திருந்தார். 42 நிமிடம், ஐந்து பாட்டு, சிலவற்றைத் திரும்பத் திரும்ப. ‘கெட் பேக்’ மட்டும் மூன்று முறை. இதே தெருவில் இருந்த காவல் நிலையத்திலிருந்து போலீஸார் மேலே வந்தார்கள். உதவியாளர் மால் எவன்ஸ் ஆம்ப்களை அணைத்தார், மறுபடி போட்டார், பாட்டு முடிந்தது.

தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை தெரியாது, எதிர் நடைபாதைக்குப் போனாலும் தெரியாது. அன்று கீழே நின்றவர்களும் அப்படித்தான், காதால் மட்டும் கேட்டார்கள். பார்த்தவர்கள் பக்கத்துக் கட்டடங்களின் மாடிகளில் ஏறியவர்கள். கட்டடத்துக்குள் கேட்டுக்கொண்டு கூரைக்குப் போய்விடலாம் என்று நம்பி வர வேண்டாம்.

அன்று பதிவானதில் ‘டிக் எ போனி’, ‘ஐ’வ் காட் எ ஃபீலிங்’, ‘ஒன் ஆஃப்டர் 909’ மூன்றும் ‘லெட் இட் பி’ தொகுப்பில் இடம்பிடித்தன. அதில் உள்ள ‘கெட் பேக்’ கூரையில் பாடியது அல்ல, 27ஆம் தேதி அடித்தளத்தில் பதிந்தது. முடிவில் வரும் ஜானின் பேச்சை மட்டும் கூரையிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். பலரும் தவறாகச் சொல்லும் விஷயம் இது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜானும் யோகோவும் டார்செஸ்டர் ஹோட்டலில் கிளைனை முதன்முதலாகத் தனியாகச் சந்தித்து, அவரே தன் மேலாளர் என்று ஜான் முடிவு செய்தது அதே வாரம். கூரையில் ஜானும் பாலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும்போதே கீழே பணக்கணக்கு பிரியத் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள்: அபே ரோடு

முதல் எச்சரிக்கை: கிழக்கு லண்டனில் ‘அபே ரோடு’ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அது இது அல்ல. நீங்கள் இறங்க வேண்டியது ஜூபிலி தடத்தில் செயின்ட் ஜான்ஸ் வுட். வெளியே வந்து குரோவ் எண்ட் ரோடு வழியாக ஐந்து நிமிட நடை. பேருந்தென்றால் 139, 189.

ஸ்டுடியோ வாசலில் உள்ள வெள்ளைக் கோட்டுப் பாதசாரிக் கடவையில் நால்வரும் நடக்கும் ‘அபே ரோடு’ தொகுப்பின் உறைப்படத்தை எடுத்தவர் இயன் மேக்மில்லன். 1969 ஆகஸ்ட் 8, காலை 11:35 வாக்கில், நடுச்சாலையில் ஏணிமேல் நின்று, ஹாசல்பிளாட் கேமராவில் ஆறு படம். போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 22, நொடியில் 500இல் ஒரு பங்கு. இன்றைய முழுச்சட்டக் கேமராவில் 28 மி.மீ. பக்கம் வைத்தால் அந்த அகலம் வரும். ஆறில் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். நால்வர் கால்களும் விரிந்து நிற்பது அதில்தான். ஸ்டுடியோவை விட்டு விலகி நடக்கிறார்கள். முன்னால் ஜான், பின் ரிங்கோ, வெறுங்காலோடு பால், கடைசியில் ஜார்ஜ். பால் மட்டும் வலது காலை முன்வைத்திருக்கிறார்.

அதே கோணத்துக்கு நடுச்சாலையில்தான் நிற்க வேண்டும், நிற்காதீர்கள். பேருந்து ஓடும் சாலை இது. கடப்பவருக்கு வண்டிகள் நின்றாக வேண்டும், படமெடுப்பவருக்கு நிற்க வேண்டியதில்லை. நடைபாதை ஓரத்திலிருந்து சாய்கோணத்தில் எடுங்கள். கேமரா வடமேற்கைப் பார்ப்பதால் காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். பிற்பகலில் போனால் வெயில் லென்ஸில் அடிக்கும். உறைப்படத்தில் இல்லாத வளைகோடுகள் இப்போது சாலையில் இருப்பதைப் பார்த்து இடம் மாறிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். கோடு பிற்பாடு வந்தது.

ஸ்டுடியோவுக்குள் பொதுமக்கள் போக முடியாது. வாசல் சுவரில் எழுதலாம், அவ்வப்போது வெள்ளையடித்து அழிப்பார்கள். அந்தச் சுவருக்கு அப்பால், 2ஆம் ஸ்டுடியோவில் 1969 ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்ததைத்தான் இந்த ஆறு நாளில் நாங்கள் மிகவும் மதிக்கிறோம். பார்ன்ஸில் முறிந்து இரண்டே மாதம். வழக்கறிஞர்கள் வழியாகக் கடிதம் போய்வரும் நிலை. அப்படியும் வந்தார்கள். ஜெஃப் எமரிக்கும் திரும்பி வந்தார். வால்வுகளால் ஆன பழைய ‘ரெட்’ (REDD) கன்சோலுக்குப் பதில் ட்ரான்சிஸ்டர் டிஜி 12345 வந்திருந்தது. பழையதில் எட்டு மைக்தான் நேராக ஏறும், புதியதில் 24. டிரம்ஸுக்குத் தாராளமாக மைக் வைக்க முடிந்தது. ஒலியின் விளிம்பு மழுங்கிக் கொஞ்சம் மெத்தென்று வந்தது. இந்தத் தொகுப்பின் குணமே அந்த மென்மைதான்.

‘பிகாஸ்’ பாட்டைக் குரல் மட்டும் தனியாகப் பிரித்து வெளியிட்ட வடிவில் கேளுங்கள். ஜான், பால், ஜார்ஜ் மூவரும் ஒன்றாகப் பாடி, அதன்மேல் இன்னொரு முறை, அதன்மேல் இன்னொரு முறை. மூன்று மூன்று ஒன்பது குரல். ஆகஸ்ட் 1இலும் 4இலும் பதிந்தார்கள். மூன்று அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டுமானால் மூவரும் ஒரே நொடியில் மூச்செடுத்து, ஒரே நொடியில் மெய்யெழுத்தை மூட வேண்டும். பேச்சுவார்த்தை முறிந்தவர்கள் செய்த வேலை அது.

7ஆம் தேதி ‘தி எண்ட்’ பாட்டின் கிதார். பால், ஜார்ஜ், ஜான் என்று ஆளுக்கு இரண்டிரண்டு பார் (தாள அளவு), மூன்று சுற்று, மூவரும் ஒரே நேரத்தில் நின்று வாசித்தது. பாலின் கிதார் துருதுருவென்று ஓடும், ஜார்ஜுடையது கம்பியை இழுத்து உருகும், ஜானுடையது கரடுமுரடாக உறுமும். இரண்டு மூன்று முறை கேட்டால் பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுகொள்ளலாம். யோகோவுக்காக ஸ்டுடியோவுக்குள் படுக்கை போட்டது உண்மை. கார் விபத்தில் அடிபட்டு, கர்ப்பமாகவும் இருந்தார். அதில் மற்றவர்களுக்கு எரிச்சல் வந்ததும் உண்மைதான். ஆனால் அந்தப் படுக்கை இருந்த மாதத்தில்தான் இவ்வளவும் பதிவாயின. யோகோதான் பிரித்தார் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 20, நால்வரும் சேர்ந்து இந்தக் கட்டடத்தில் இருந்த கடைசி நாள். செப்டம்பரில் கிளைன் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான கேப்பிட்டலுடன் பேசி ராயல்டியை 25 சதவீதத்துக்கு ஏற்றினார். பாலும் அதில் கையெழுத்திட்டார். அதே கூட்டத்தில்தான் ஜான் விலகுவதாகச் சொன்னார். ஒப்பந்தம் கெடக்கூடாது என்று வெளியே சொல்லாமல் இருந்தார்கள். 1970 ஜனவரி 3 அன்று ‘ஐ மி மைன்’ பதிய மூவர் மட்டும் வந்தார்கள். ஜான் டென்மார்க்கில் இருந்தார்.

ஏப்ரல் 1 அன்று அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ‘தி லாங் அண்டு வைண்டிங் ரோடு’ பாட்டின்மேல் 18 வயலின், 4 வயோலா, 4 செல்லோ, ஹார்ப், எக்காளங்கள், 14 பெண்கள் கொண்ட கோரஸ் என்று ஏற்றினார். அன்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோதான், குழு பிரிவதற்கு முன் பீட்டில்ஸ் பதிவில் நால்வரில் கடைசியாக வாசித்தவர். அடியிலுள்ள மூலப் பதிவில் பேஸ் வாசித்தது ஜான். சில இடங்களில் சுரம் தவறுகிறது. தவறுகளை மூட வாத்தியம் தேவைப்பட்டது என்று ஸ்பெக்டருக்காக வாதிடலாம். பாட்டை எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததற்கு வாதம் கிடையாது.

ஸ்டுடியோவிலிருந்து பால் வாழ்ந்த கேவெண்டிஷ் அவென்யூவுக்கு நடந்தே போகலாம். மார்ச் 31 அன்று ரிங்கோ அந்த வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு போனார். பாலின் தனித்தொகுப்பு ‘லெட் இட் பி’யோடு மோதுவதால் வெளியீட்டைத் தள்ளிவைக்கிறோம் என்று ஜானும் ஜார்ஜும் எழுதியது. தபாலில் போடாமல் நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்று தானே எடுத்துப்போனார். பால் கத்தி வெளியே அனுப்பினார். திரும்பிப் போன ரிங்கோ, அவருக்கு அந்தத் தேதி அவ்வளவு முக்கியமென்றால் விட்டுக்கொடுங்கள் என்று மற்ற இருவரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். ஏப்ரல் 10 அன்று, அந்தத் தனித்தொகுப்போடு பத்திரிகைகளுக்குப் போன கேள்வி-பதில் தாளை வைத்து, பால் பீட்டில்ஸை விட்டார் என்று செய்தி வந்தது.

ஆறாம் நாள்: ஸ்ட்ராண்ட்

ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ், ஸ்ட்ராண்ட் சாலை. டெம்பிள் நிலையம் பக்கம். வார நாளில் மட்டும் போங்கள். பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள், பெரிய மண்டபத்தைப் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது.

பாலின் சண்டை கிளைனோடு. ஆனால் கிளைனோடு பால் எந்த ஒப்பந்தமும் போடாததால் அவர்மேல் வழக்குப் போட வழியில்லை. பணம் முழுவதும் 1967ஆம் ஆண்டுப் பத்திரப்படி கூட்டாண்மைக்குள் கட்டுண்டு கிடந்தது. பால் வீட்டிலிருந்து தனியாகப் பதிந்த தொகுப்பின் வருமானமும் அதிலேயே விழுந்தது. வெளியே வர ஒரே வழி, கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி மூன்று நண்பர்கள்மேல் வழக்குத் தொடுப்பது. 1970 டிசம்பர் 31 அன்று தொடுத்தார்.

விசாரணை 1971 பிப்ரவரி 19 அன்று நீதிபதி ஸ்டாம்ப் முன் தொடங்கியது. பாலின் வாதங்கள் எளிமையானவை: குழு சேர்ந்து இயங்குவது நின்றுவிட்டது, தன் விருப்பத்துக்கு மாறாக மேலாளர் திணிக்கப்பட்டார், கூட்டாண்மை தொடங்கியதிலிருந்து முறையான கணக்கு வரவில்லை. பால் லிண்டாவோடு நீதிமன்றம் வந்தார். மற்ற மூவரும் வரவில்லை, எழுத்து வாக்குமூலம் அனுப்பினார்கள். கிளைனைக் கவிழ்த்தது கணக்குதான். கேப்பிட்டல் ராயல்டியில் அவர் உரிமையுள்ளதைவிடக் கூடுதலாகக் கமிஷன் எடுத்திருந்தார் என்று நீதிபதி கண்டார். மார்ச் 12 அன்று ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற கணக்காளர் ரிசீவராக, அதாவது கூட்டாண்மையின் பணத்தை நீதிமன்றத்தின் சார்பில் நிர்வகிப்பவராக, நியமிக்கப்பட்டார். மூவரும் மேல்முறையீட்டை ஏப்ரலில் கைவிட்டார்கள்.

அத்தோடு கூட்டாண்மை கலைந்துவிடவில்லை. பெட்டிச் சாவி மட்டும் ரிசீவர் கைக்குப் போனது. கலைப்பு ஒப்பந்தம் எழுத இன்னும் நான்காண்டு பிடித்தது. 1974 டிசம்பர் 19 அன்று நியூயார்க் பிளாசா ஹோட்டலில் கையெழுத்திட நாள் குறித்தார்கள். பாலும் ஜார்ஜும் வந்தார்கள், ரிங்கோ முன்பே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அதே ஊரில் இருந்த ஜான் வரவில்லை. பத்து நாள் கழித்து ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டின் பாலினீசியன் ஹோட்டலில் தங்கியிருந்தபோது தாள்களை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள், கையெழுத்திட்டார். 1975 ஜனவரி 9 அன்று லண்டன் நீதிமன்றத்தில் கலைப்பு பதிவானது. ரிசீவரிடம் பூட்டியிருந்த பணம் அதன் பிறகுதான் நால்வருக்கும் பிரிந்தது.